பாக்கிக்காரரும் பக்கத்துத் தெருவும்

ஒரு கடை மூடப்பட்டால் அதற்கான காரணத்தை நாம் தொலைவிலேயே தேடுகிறோம். பெரிய அங்காடிகள் வந்துவிட்டன என்கிறோம். கைபேசியிலேயே சரக்கு வாங்கிவிடுகிறார்கள் என்கிறோம். பெங்களூர் நாற்பது கிலோமீட்டரில் இருக்கையில் ஓசூர்க் கடைத்தெருவை யார் நாடுவார் என்கிறோம். இவை யாவும் உண்மையே. ஆயினும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு காரணத்தைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை. அது கடைக்காரரின் கல்லாப் பெட்டிக்கு அருகே, பற்று நோட்டில் இருக்கிறது.

ஓசூரின் கடைத்தெரு ஆலைச் சம்பளத்தில் வளர்ந்த தெரு. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. இருசக்கர வண்டியும் கைக்கடிகாரமும் வந்தன. இவற்றுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் பெருகின. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே கடை வாசலில் பேரம் பேசின. நேதாஜி ரோட்டிலும் எம்.ஜி. ரோட்டிலும் சம்பள நாளே திருநாள்.

இத்தகைய ஊரை வீழ்த்துவதற்கு ஊருக்குள் எதுவும் நிகழ வேண்டியதில்லை. 2018 செப்டம்பரில் மும்பையைச் சேர்ந்த ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்னும் பெருநிறுவனம் வாங்கிய கடனைத் திருப்பித் தர இயலாமல் தடுமாறிற்று. வண்டி வாங்கக் கடன் கொடுத்துவந்த நிதி நிறுவனங்கள் அஞ்சிக் கையை இறுக்கின. 2019 ஆகஸ்டில் நாட்டின் வாகன விற்பனை முந்திய ஆண்டின் அதே மாதத்தைக் காட்டிலும் ஏறத்தாழ 23 விழுக்காடு சரிந்தது. கனரகச் சரக்கு வண்டிகளின் விற்பனையோ பாதிக்கும் கீழே போயிற்று. அடுத்த மாதமே அசோக் லேலண்ட் நிறுவனம் ஓசூர் உள்ளிட்ட தன் ஆலைகளில் வேலையில்லா நாட்களை அறிவித்தது.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலையில்லா நாள் என்பது கூலியில்லா நாள். அவர் முதலில் தையற்காரரை மறக்கிறார். அடுத்துப் பாத்திரக் கடையை மறக்கிறார். அரிசியையும் பருப்பையும் மறக்க முடியாது. ஆகவே பலசரக்குக் கடையில், "எழுதிக்கொள்ளுங்கள் பாய்" என்கிறார். எங்கோ ஒரு பெருநிறுவனம் அடைக்காத கடன், இப்படிப் படிப்படியாக இறங்கி, ஓசூரில் ஒரு பற்று நோட்டின் பக்கத்தில் வந்து அமர்கிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து வேலைக்குப் போனவர்களும் வீட்டில் அடைந்தனர். மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, கடன் தவணைகளைத் தள்ளிவைக்க மூன்று மாத அவகாசம் அளிக்க அனுமதித்தது. மே 22 அன்று மேலும் மூன்று மாதம் நீட்டித்தது. நாடே அதைப் பேசிற்று. அந்த மாதங்களுக்கும் வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பற்று நோட்டுக்கு எவரும் அவகாசம் அறிவிக்கவில்லை. கடைக்காரரே கொடுத்தார், வட்டி இல்லாமல் கொடுத்தார். (கடன் சரக்கில் ஐந்து பத்து கூட்டி எழுதியவர்களும் உண்டு. எல்லாக் கடைக்காரர்களையும் நாம் அவ்லியாக்கள் ஆக்கிவிட வேண்டியதில்லை.)

வேலை திரும்பிற்று. கையில் பணம் வந்தது. முதலில் யாருக்குக் கொடுத்தோம்? வீட்டு வாசலில் வந்து குரல் உயர்த்திய தவணைக்காரருக்கு! குரல் உயர்த்தாதவர் கடைசியில் நின்றார். ஐயாயிரம் பாக்கி, கையில் இருப்பது ஐந்நூறு. அதைக் கொண்டுபோய் நீட்டக் கூச்சம். கடை வாசலைக் கடக்கவும் கூச்சம். ஆகவே பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிப் போகிறோம். போகிற வழியில் வேறொரு கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குகிறோம். நமக்குக் கடன் கொடுத்த குற்றத்துக்காக அவர் பாக்கியையும் இழக்கிறார், வாடிக்கையையும் இழக்கிறார்.

ஒருமுறை கடன் கொடுத்தவரிடமே வாழ்நாள் முழுதும் வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. வாணிகம் அடிமைச் சீட்டு அன்று. மலிவாகவும் நல்லதாகவும் கிடைக்குமிடத்தில் வாங்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை கணக்குத் தீர்ந்த பின்னரே தொடங்குகிறது. வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்று அறிந்தவர்கள் நாம். ஐந்நூறு ரூபாயோடு கடையேறச் செய்கிற வெட்கமும் உண்டு, தெருவை மாற்றச் செய்கிற வெட்கமும் உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடனை எழுதிவைப்பது பற்றியது. அதற்குச் சற்று முன்னர்தான், இடுக்கண் உற்ற கடனாளிக்கு அவகாசம் கொடுப்பது பற்றிய வசனமும் இருக்கிறது. எழுதவும் வேண்டும், பொறுக்கவும் வேண்டும். எழுதுவது ஐயப்படுவதாகாது, பொறுப்பது ஏமாளித்தனமும் ஆகாது.

ரமலானில் கடைக்காரருக்கு வேறொரு கேள்வி எழுகிறது. வராத பாக்கியை ஸகாத்தாகக் கழித்துக்கொள்ளலாமா? மார்க்கச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் இதற்கு இசையவில்லை, சிலர் இசைந்தனர். பெரும்பாலோர் கருத்தே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஸகாத் கையிலிருந்து கொடுப்பது. எப்படியும் வராததைத் தள்ளிவிட்டுக் கடமை தீர்ந்ததென்பது தன் பொருளைக் காத்துக்கொள்வதே.

ஆனால் ஸகாத் பெறத் தக்க எட்டு வகையினருள் கடனாளியும் ஒருவர் அல்லவா? ஜமாஅத்தார் இதை ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை? அரிசிப் பையும் சேலையும் வாங்கிப் பகிர்வதில் ஒரு பகுதியை, தகுதியுடைய பாக்கிக்காரரின் ஒப்புதலோடு, அவர் கடன்பட்ட கடையில் செலுத்தலாம். மாற்றுச் சமயத்து அண்டை வீட்டாருக்கு ஸதகாவிலிருந்து செய்யலாம். ஒரே பணம் ஒரு வீட்டின் சுமையையும் இறக்கும், ஒரு கடையின் கதவையும் திறந்துவைக்கும். பள்ளிவாசலில் பெயர் படிக்க வேண்டாம். ரசீதும் ஒட்ட வேண்டாம். நோட்டில் அந்தப் பெயரின் மீது கோடு விழுந்தால் போதும். அதன்பின் அவர் எந்தத் தெரு வழியாகப் போகிறார் என்பது அவர் விருப்பம்.