இரண்டு வேஷங்கள்

தந்தையின் முன்னிலையில் அவன் அடக்கமான புத்திரன். அந்தி சாய்ந்தால் நண்பர் குழாத்தின் நடுவே மதுக்கோப்பையுடன் நின்று சுதந்திரத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றுபவன். மைக்கேல் மதுசூதன தத்தர் 1860-இல் வங்கமொழியில் வெளியிட்ட ‘இதைத்தான் நாகரிகம் என்பதா?’ என்னும் நகைச்சுவை நாடகத்தின் நவகுமாரன் இத்தகையவன். அக்குடிகாரர்களின் சபைக்குப் பெயர் ஞானதரங்கிணி!

இந்நாகரிகத்தின் தொடக்கம் வேறு. கல்கத்தா இந்துக் கல்லூரியில் 1826 முதல் 1831 வரை கற்பித்த டெரோஸியோ, எதையும் ஆராயாமல் ஏற்காதீர்கள் என்று மாணவர்களைத் தூண்டினார். அம்மாணவர்கள் வாய்மைக்குப் பெயர் பெற்றிருந்தனர். விலக்கப்பட்ட உணவை அவர்கள் ஒளித்து உண்ணவில்லை; அதனால் வீட்டை இழந்தவரும் உண்டு. அவர்கள் செய்தது சரியா என்பது வேறு கேள்வி. பின்வந்தோரில் பலர் அந்த வாய்மையை விட்டுவிட்டுக் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

கீதையின் மூன்றாம் அத்தியாயம், புறத்தே புலன்களை அடக்கி அகத்தே விஷயங்களில் உழல்பவனை ‘மித்யாசாரன்’ என்கிறது. போலித் துறவியையே இதற்கு உதாரணம் காட்டுவது வழக்கம். போலிப் புரட்சியாளனுக்கு மட்டும் விலக்கு ஏன்? இன்றைய கல்லூரி விடுதியில் ஓர் இளைஞன் முதல் சிகரெட்டைப் பற்றவைத்து இருமுகிறான். புகை அவனுக்குப் பிடிக்கவில்லை. நண்பர்களின் நகைப்பு அதைவிடப் பிடிக்கவில்லை. தாய் கற்றுத்தந்த பஜனைப் பாடல் நாவில் எழுந்தாலும் விழுங்கிவிடுகிறான். குடும்பத்தாருக்கு அனுப்ப ஒரு புகைப்படம், நண்பர்களுக்கு வேறொன்று. பெற்றோருக்கு அஞ்சுவது அடிமைத்தனம் என்பவன், நண்பர்களுக்கு அஞ்சுவதைச் சுதந்திரம் என்கிறான்.

நவகுமாரனைப் படைத்த மதுசூதனரும் அதே இந்துக் கல்லூரியில் பயின்றவர். ஆங்கிலக் கவிஞராகக் கனவு கண்டவர், 1843-இல் கிறிஸ்தவரானவர், மதுவுக்கும் அடிமைப்பட்டவர். பிறரைக் கண்டது போலவே தம்மையும் கண்டுதான் அந்நாடகத்தை எழுதியிருக்க வேண்டும்.

வழக்கு ஒன்றின் பொருட்டு அவர் ஒருமுறை தட்சிணேசுவரம் வந்தார். ஏன் மதம் மாறினீர் என்று பண்டிதர் நாராயண சாஸ்திரி வினவ, வயிற்றுப் பிழைப்புக்காக என்ற பொருள்பட விடையளித்தார். சாஸ்திரி சினங்கொண்டார். குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணரிடம் சில சொற்கள் அருளுமாறு மதுசூதனர் வேண்டினார். யாரோ வாயை அழுத்திப் பிடித்தாற்போல் குருதேவருக்குப் பேச்சே எழவில்லை. சற்று நேரத்தில் அந்நிலை நீங்கியது.  குருதேவர் ராமபிரசாதரின் பாடல்களைப் பாடினார். மதுசூதனர் அவற்றில் மனத்தைப் பறிகொடுத்தார்.