திரையில் நின்ற சாமி

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும் ஊர்களில் படுகளத்தன்று விடியற்காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். மண்ணைக் குழைத்து, ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளத்தில் துரியோதனனைத் தரையில் கிடத்தியிருப்பார்கள். இரவெல்லாம் கூத்தாடிய பீமன் அந்தத் தொடையில் அடிக்கிறார். பாஞ்சாலி கூந்தலை முடிகிறாள். பார்த்து நிற்பவர்கள் கைதட்டுவதில்லை; கும்பிடுகிறார்கள்.

அந்த நேரத்தில் எதிரே நிற்பது வேடக்காரரா, அம்மனா?

சினிமா வந்தபோது இந்தக் கேள்வியும் கொட்டகைக்குள் நுழைந்தது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியும் படச்சுருள்களும் வாங்கினார். அவற்றில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்துப் படம் காட்டியவர், 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். தென்னிந்தியாவின் மிகப் பழைய நிரந்தரக் கொட்டகைகளில் அது ஒன்று. பிற்காலத்தில் டிலைட் என்று பெயர் மாறியது.

கோயில் சிலைக்குக் கண் திறக்கிறார்கள், குடமுழுக்கு செய்கிறார்கள். கூத்தில் முக்கிய வேடம் கட்டுபவர் விரதம் இருக்கிறார். அர்ச்சுனன் தபசன்று மரமேறுபவரின் காலைத் தொட்டுக் கும்பிடுபவர்கள் உண்டு. திரைக்கு இவை எதுவும் கிடையாது. நடித்தவர் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார். மிஞ்சுவது வெளிச்சமும் நிழலும்தான். ஆனாலும் சாமி படம் ஓடிய கொட்டகைகளில் கற்பூரம் காட்டினார்கள், சிலருக்கு அருளும் வந்தது. அதை அறியாமை என்று தள்ளுவது எளிது, ஆனால் நியாயமில்லை. கூத்துக்களத்தில் ஆடுபவரும் பார்ப்பவரும் சேர்ந்து சுமக்கும் பக்தியை, கொட்டகையில் பார்ப்பவர் மட்டும் தனியாகச் சுமந்தார். அங்கே சாமி வந்தது என்றால் அவர் கொண்டுவந்ததுதான்.

இதையும் தாண்டிய இடம் உளுந்தூர்பேட்டைக்கு அருகிலுள்ள கூவாகம். களப்பலியாகப் போகும் அரவானை மணக்கக் கண்ணன் மோகினியானான் என்பது கதை. சித்திரைத் திருவிழாவில் கூத்தாண்டவர் கோயிலுக்கு வரும் திருநங்கைகள் அந்தக் கதையை வெளியே நின்று பார்ப்பதில்லை. பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர் போன பிறகு தாலி அறுபடுகிறது, வளையல் உடைகிறது, ஒப்பாரி எழுகிறது. இதை வேடம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. செய்தியாளர்களும் வேடிக்கை பார்க்கப் போகிறவர்களும் அந்தக் காலையிலாவது கேமராவைக் கீழே இறக்க வேண்டும்.

கோவையில் டிலைட் படம் காட்டுவதை நிறுத்திவிட்டது. அது நின்ற தெருவுக்கு இன்றும் பெயர் வெரைட்டி ஹால் சாலை.