வைரவரை எங்கே கொண்டுபோவது?

எங்கள் குறிச்சி வைரவரைப் புங்குடுதீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்ற யோசனையை முதலில் சொன்னவன் பேர்னில் இருக்கும் என் பெறாமகன். கோயில் சபைக் கூட்டம் இப்போது கைத்தொலைபேசியில்தான் நடக்கிறது. பாதிப்பேர் சுவிசில், சிலர் பாரிசிலும் ஸ்காபுரோவிலும், நான் கொக்குவிலில்.

"பெரியம்மா, அங்கை இப்ப ஆர் இருக்கினம்? கிணறும் சவராய்ப் போச்சு. இன்னும் அம்பது அறுபது வருசத்தில கடல் ஏறிவிடும் எண்டு இஞ்சை பேப்பரில எழுதுறாங்கள். நல்லூர்ப் பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்கி ஆளை அங்கை வைச்சால் என்ன?"

அவனைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. வைரவரில் அக்கறையில்லாதவன் இப்படிக் கேட்கமாட்டான். ஆனால் அவன் கேட்டது பெரிய கேள்வி. தெய்வம் ஊரில் இருக்கிறதா, ஊராரிடம் இருக்கிறதா? ஊரார் போய்விட்டால், ஊரே தண்ணீருக்குள் போகப்போகிறது என்றால், தெய்வம் எங்கே நிற்கவேண்டும்?

வேறு எந்த மூர்த்தியையும்விட வைரவரிடத்தில் இந்தக் கேள்வி கடினமானது. சிவன் கோயில்களில் அர்த்தசாமப் பூசை முடிந்து கதவு பூட்டியபின் திறப்பை வைரவர் சந்நிதியில் வைக்கும் வழக்கம் உண்டு. தலத்தின் காவல் அவர் பொறுப்பு. எங்கள் குறிச்சியில் சிவன் கோயில் இல்லை. பூவரசுக்குக் கீழே ஒரு சூலம்தான் முதலில் இருந்தது, மண்டபம் பிறகு எழுந்தது. அந்தச் சூலம் காத்தது பனங்காணியை, கேணியை, கடலுக்குப் போகும் ஒழுங்கையை. காவலாளியை இடம் மாற்றினால் அவர் எதற்குக் காவல்?

கிணற்றுக் கதையையும் சொல்லவேண்டும். கோயிலின் வடகிழக்கு மூலையில் கல்லால் கட்டிய கிணறு. நான் சிறுமியாக இருந்தபோது அதன் தண்ணீரில் பொங்கினோம், அதையே குடித்தோம். இப்போது அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் பால் திரைகிறது, பருப்பு அவியாமல் கிடக்கிறது. அபிசேகம் முடிந்து கருங்கல் காய்ந்ததும், சூலத்தின் அடியிலும் பீடத்தின் ஓரத்திலும் வெள்ளையாய் உப்புப் பூக்கும். ஐயர் ஈரத்துணியால் துடைப்பார். அடுத்த அபிசேகத்துக்குப் பிறகு மறுபடி பூக்கும். மடை நாளில் வேலணைச் சாட்டிப் பக்கத்திலிருந்து வாணர் தாம்போதி கடந்து பவுசரில் நல்ல தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீரில்தான் வைரவர் குளிக்கிறார், அந்தத் தண்ணீரில்தான் நாங்கள் பொங்குகிறோம்.

குடாநாட்டிலும் தீவுகளிலும் நிலத்துக்கடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழைதான் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, தண்ணீரில் எண்ணெய் நிற்பதுபோல, கடலிலிருந்து ஊறிய உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே நாற்பது அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு நாற்பது அடி ஏறிவருகிறது. கடலோ தானும் உயர்கிறது. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. இந்த நூற்றாண்டு முடிவதற்குள் இன்னும் எவ்வளவு என்பது நாங்கள் எரிக்கும் எரிபொருளைப் பொறுத்தது, ஒரு மீற்றர் வரைகூடப் போகலாம். புங்குடுதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு எல்லாமே தட்டையான தீவுகள். அலை கரை தாண்டி வருவதற்கு வெகுமுன்பே உப்பு அடியால் வந்துவிடும்.

ஆனாலும் கடல்தான் எங்களைக் கலைத்தது என்று சொன்னால் அது பொய். தண்ணீரும் வயலும் போதாத தீவு என்பதால் எங்கள் அப்புமார் கொழும்பிலும் தென்னிலங்கை ஊர்களிலும் கடை போட்டார்கள். 1991இல் இராணுவம் வந்தபோது மிச்சச் சனமும் வெளிக்கிட்டது. அதன்பிறகு கேணி தூர்ந்தது, குளக்கட்டுக் கரைந்தது, பெய்த மழை தரிக்காமல் கடலுக்கு ஓடியது. போர் ஆளைக் கலைத்தது. ஆளில்லாத நிலத்தை உப்புப் பிடித்தது. இனி வரும் கடல், திரும்பும் வழியையும் அடைக்கப் பார்க்கிறது.

இந்த நிலையில் ஆகமம் என்ன சொல்கிறது என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். நான் குருக்கள் இல்லை, சைவசமயம் படிப்பித்த வாத்தியார். எனக்குத் தெரிந்த அளவில், மூர்த்தியை நகர்த்தச் சைவத்தில் வழி இருக்கிறது. திருப்பணி தொடங்கும்போது பாலஸ்தாபனம் செய்கிறோம். மூலவரிடமிருந்து கலைகளைக் கும்பத்துக்கு எடுத்து வேறோரிடத்தில் வைத்துப் பூசை நடத்துகிறோம். அந்தக் கிரியை முழுவதும் திரும்பிவருவதற்காகவே வகுக்கப்பட்டது. திருப்பணி முடிந்து கும்பாபிசேகம் செய்தால்தான் அது நிறைவு. படையெடுப்புக்கு அஞ்சி 14ஆம் நூற்றாண்டில் திருவரங்கத்தை விட்டுப்போன உற்சவர் ஊர் ஊராய் அலைந்து 1371இல் திரும்பி வந்தார். அவரைக் கொண்டுபோனவர்கள் திரும்பும் நினைப்போடுதான் கொண்டுபோனார்கள். திரும்பாத பயணத்துக்கு எங்களிடம் கிரியை இருப்பதாக நான் அறியேன்.

ஆனால் கதை இருக்கிறது, அதுவும் எங்கள் கடலைச் சேர்ந்தது. மணிமேகலையில் புகார் நகரம் கடலுக்குள் போகிறது. மாதவியும் சுதமதியும் அறவண அடிகளும் ஊரை விட்டு வெளியேறுகிறார்கள். கடல்கொண்ட ஊரிலிருந்து அகதியாய்ப் போனவர்கள் என்று அவர்களைப் படிப்பிக்க எனக்கு அந்த நாளில் தோன்றவில்லை, இன்றைக்குப் படிப்பித்தால் அப்படித்தான் படிப்பிப்பேன். மணிமேகலை காஞ்சிக்குப் போகிறாள். அங்கே மணிபல்லவத்துப் புத்தபீடிகையைப் போல ஒரு பீடிகையும், கோமுகிப் பொய்கையைப் போல ஒரு பொய்கையும் அமைக்கச் செய்கிறாள். மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று இங்கே நெடுங்காலமாய்ச் சொல்லி வருகிறோம். ஆராய்ச்சியாளர் எல்லோரும் ஒப்புவதில்லை. அது எதுவானாலும், ஒரு தீவின் புனிதத்தை இன்னொரு நிலத்தில் எழுப்பலாம் என்று அந்தக் காவியம் ஒப்புக்கொள்கிறது. எழுப்பியபின் அவள் செய்த வேலை, பஞ்சத்தில் கிடந்த காஞ்சியில் அமுதசுரபியை ஏந்திச் சோறு போட்டது.

எங்கள் சனமும் அதைச் செய்திருக்கிறது. ஜெர்மனியின் ஹம் நகரத்தில் 2002இல் எழுந்த காமாட்சி அம்பாள் கோயிலின் தீர்த்தத் திருவிழா, பக்கத்தில் கப்பல் போகும் கால்வாயில் நடக்கிறது. அந்தக் கால்வாயில் அம்பாள் இறங்குகிறாள் என்று நம்புவதில் எனக்குத் தடை இல்லை. அகதி முகாமில் மூலையில் ஒரு படத்தை வைத்து விளக்கேற்றிய பிள்ளைகளுக்கு அவள் துணை போனாள். ஆகவே தெய்வம் எங்கேயும் வரும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பெறாமகனுடைய பேர்னிலும் வைரவர் இருப்பார்.

வராமல் நிற்பது தலத்துக்கு நாங்கள் பட்ட கடன்.

எங்கள் கோயிலுக்கு இப்போது விளக்கு வைப்பவள் கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பெண். அவளுக்குச் சுவிஸ் இல்லை, கொக்குவிலும் இல்லை. குடிக்கும் தண்ணீர்க் கலனைச் சைக்கிளில் கட்டி உருட்டி வருகிறாள், மாலையானால் எண்ணெய் ஊற்றித் திரி போடுகிறாள். வைரவரைக் கொண்டுபோகும் பேச்சை அவளிடம் நான்தான் சொன்னேன். "அப்ப எங்களுக்கு, ரீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். சபையில் யாரும் எழுப்பாத கேள்வி அது. போகக்கூடியவன் போகும்போது காவலையும் கூடக் கொண்டுபோனால், போக ஏலாதவன் எல்லாக் காவலும் இழந்து நிற்பான்.

பசிபிக் தீவுகளிலும் இதே கேள்வியோடுதான் இருக்கிறார்கள். பதினோராயிரம் பேர் அளவில் வாழும் துவாலுவிலிருந்து ஆண்டுக்கு 280 பேரை ஏற்க ஆஸ்திரேலியா உடன்பட்டது. அந்த ஒப்பந்தம் 2024இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டு துவாலு தன் அரசியலமைப்பைத் திருத்தி, நிலம் கடலுக்குப் போனாலும் தங்கள் நாடு நாடாகவே இருக்கும் என்று எழுதிவைத்தது. மண் இல்லாத நாடு எது என்று அவர்களும் தேடுகிறார்கள். கிரிபாட்டி அரசு 2014இல் பிஜியில் நிலம் வாங்கியது. விற்றது இங்கிலாந்துத் திருச்சபை. அந்தத் தீவுகளில் பலர், இனிப் பூமியை வெள்ளத்தால் அழிப்பதில்லை என்று கடவுள் நோவாவுக்குக் கொடுத்த வாக்கை நம்பி, கடல் ஏறாது என்கிறார்கள். அவர்களுடைய விசுவாசத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஊர் தண்ணீரில் போவதற்கு மக்களின் பாவத்தையோ வினையையோ காரணம் காட்டும் எந்தச் சமயப் பேச்சையும், என் சமயத்தினுடையதானாலும், நான் ஏற்கமாட்டேன். மணிமேகலையில் அரசன் இந்திரவிழாவை மறந்தான். கடல் கொண்டதோ பரதவர் குடிசைகளையும் சேர்த்து. இன்றைக்கு எரித்தது யார் என்று கணக்கு இருக்கிறது. நெடுந்தீவில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் கிழவியின் முன்வினை அந்தக் கணக்கில் இல்லை. எங்கள் சொந்தப் பிள்ளைகள் குடியேறியிருப்பது அதிகம் எரித்த நாடுகளில் என்பதையும் நாங்கள் நினைக்கவேண்டும்.

அதனால் சபைக்கு என் பதில் இது. அவள் விளக்கு வைக்கும் வரை வைரவரை எடுக்கக்கூடாது. ஒரு நாள் அவளும் போகவேண்டி வந்தால், அவள் போகும் இடத்துக்குக் காணியும் வீடும் கிணறும் முதலில் வரட்டும், வைரவர் அதன்பின் அவளோடு போகட்டும். நல்லூர்ப் பக்கத்துக் காணி எங்கள் வசதிக்கு. வைரவருக்கு அதில் வேலை இல்லை. மூழ்கிய தலம் புனிதம் இழந்துவிடும் என்று யாரும் பயப்படவும் வேண்டாம். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது, வாழத் தகாத இடம் என்று அறிவித்தார்கள். சேதுவில் தீர்த்தமாட இன்றைக்கும் சனம் போகிறது.

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்ற மூன்றில் தீர்த்தத்தைத்தான் நாங்கள் கைவிட்டோம். ஆளில்லாத குறிச்சிகளில் வெளிநாட்டுக் காசில் கோபுரங்கள் எழுகின்றன, பக்கத்துக் கேணி தூர்ந்து கிடக்கிறது. புலத்திலிருக்கும் பிள்ளைகளே, இந்தமுறை மண்டபத்துக்கு மாபிள் பதிக்கச் சேர்த்த காசைக் கேணிக்குத் தாருங்கள். ஆனி, ஆடியில் தூர் வாரி, குளக்கட்டை உயர்த்தி, கோயில் கூரைத் தண்ணீரைக் கிணற்றடிக்குத் திருப்பிவிட்டால் ஐப்பசி மழை நிலத்தில் இறங்கும். கடலை அது நிறுத்தாது. உப்பை ஓரளவு கீழே அமர்த்தி வைக்கும், அந்தப் பெண் தண்ணீருக்காகச் சைக்கிள் உருட்டும் தூரம் குறையும். உபயகாரர் பெயரைக் கேணிக் கட்டில் வெட்டிவைக்க நான் பொறுப்பு.