முகம் கொடுத்தல்

கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு 2025இல் முகம் வந்தது. லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் கணினியில் தசை சேர்த்து, தோல் போர்த்தி, நம் பக்கம் திருப்பி வைத்தது. பத்திரிகையில் பார்த்ததும் 'நம்ம ஆள்' என்று தோன்றியது. சந்தேகமும் அங்கேதான்.

எலும்பு தாடையின் அகலத்தைச் சொல்லும். கண்குழியின் இடத்தைச் சொல்லும். தோலின் நிறத்தைச் சொல்லாது. உயிரோடிருப்பவர்களிடம் கடன் வாங்கித்தான் அதைப் பூச வேண்டும். நம் நிறத்தைப் பூசிவிட்டு, அவன் நம்மைப்போல் இருக்கிறான் என்று சந்தோஷப்படுகிறோம்.

பக்கத்தில், 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீட்டுப் பாணிக் கட்டிடங்களுக்குள் பானைகளோடு தொடுதிரைகளும் அசையும் படங்களும் உண்டு. நான் அவற்றுக்கு விரோதியல்ல. பானை ஓடு எல்லோரிடமும் பேசுவதில்லை, திரை பேசுகிறது. அதை மட்டமாக நினைப்பது படித்தவன் திமிர். ஆனால் உடைந்த பானையை ஒட்டுகிறவர், இல்லாத பகுதியைச் சாந்தால் நிரப்பும்போது நிறத்தைச் சற்று வேறாக விடுவார். கிடைத்தது எது, வைத்தது எது என்று கண் பிரித்துக்கொள்ளும். திரையில் அந்தத் தழும்பு இல்லை. சாட்சியமும் ஊகமும் ஒரே வழுவழுப்பில், ஒரே வெளிச்சத்தில்.

எங்கள் மடவார் வளாகத்தில் ஒரு கதை உண்டு. வைத்தியநாதர் சந்நிதியில் நோய் தீர்ந்த திருமலை நாயக்கர், இங்கே பூஜை முடிந்தது தெரிந்த பிறகுதான் மதுரையில் சாப்பிடுவாராம். வழிநெடுக மண்டபங்களில் நகரா முழங்கிச் செய்தி போகுமாம். (ஆண்டாள் கோயிலுக்கும் இதே கதையைச் சொல்வார்கள், சரித்திரமா என்பது வேறு விஷயம்.) நகரா, பூஜை முடிந்தது என்று மட்டும் சொன்னது. தீபாராதனையைக் காட்டவில்லை. மனசில் எரிந்த தீபம் தன்னுடையது என்று கேட்டவருக்குத் தெரிந்திருக்கும்.

கொந்தகைக்காரன் மறுத்துப் பேச முடியாதவன். அவனைத் தாழியிலிட்டவர்கள் கூடவே கலயங்கள் வைத்தார்கள். நாம் ஒரு உத்தியோகம் கொடுத்திருக்கிறோம்: நம் பழமைக்குச் சாட்சி சொல்வது. அதற்கு நம் சாயலிலேயே ஆள் தேவைப்படுகிறது. செத்தவனுக்கு முகம் கொடுப்பது மரியாதைதான். நமக்கு வேண்டிய முகத்தைக் கொடுப்பது வேறு.

நிறத்தை எடுத்துவிட்டு, மண் நிறத்தில் நெற்றியும் தாடையும் மட்டும் காட்டலாம். வேண்டுகிறவர் பொத்தானைத் தட்டித் தோலையும் மயிரையும் மாற்றிப் பார்க்கட்டும். திரைக்கு அதுவும் முடியும். ஒரே எலும்பின்மேல் நாலு பேர் வந்து போவார்கள்.