பணிவு என்றால் வாய் மூடுவதா?

ஆபரேஷன் அறையில் பெரிய டாக்டர் இடது காலுக்குப் பதில் வலது காலில் கத்தி வைக்கப் போகிறார். பக்கத்தில் நிற்கிற நர்ஸ் பார்த்துவிட்டாள். "பெரியவருக்கு நான் எப்படிச் சொல்லுவேன்?" என்று அவள் பேசாமல் நிற்பது பணிவா? அதற்குப் பயம் என்றுதான் நான் பேர் வைப்பேன்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்காக 19 குறிப்புகளுள்ள ஒரு பட்டியலை வெளியிட்டது. கத்தி வைக்குமுன் அறையிலுள்ள எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லவேண்டும். நோயாளி யார், எந்த இடம், என்ன ஆபரேஷன் என்பதைச் சர்ஜன், மயக்க டாக்டர், நர்ஸ் மூவரும் வாய்விட்டு உறுதிப்படுத்தவேண்டும். புதுடெல்லி உட்பட 8 நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இதைச் செய்து பார்த்தார்கள். மரணங்கள் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்ததென்று 2009-ல் அறிவித்தார்கள்.

ஆனால் பட்டியலில் டிக் போட்டால் மட்டும் போதுமா? சொல்ல ஒருவர் துணியவேண்டும், கேட்க ஒருவர் தாழவேண்டும். பெரியவர்களே, சொல்லுகிறவர்மேல் சீறாதிருங்கள். இன்று சீறினால் நாளை அவர் வாய் திறக்கமாட்டார். மேஜையில் மயங்கிக் கிடக்கிற அந்த ஜீவனுக்காகப் பேச, அந்த அறையில் இருக்கிறவர்களை விட்டால் வேறு யார் உண்டு?