கொமிஷன் கொடுத்த கை

சில வருடங்களுக்கு முன் என் புத்தகங்களுக்கு ஓடர் பிடித்துத் தந்த இளைஞனுக்கு, விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் கொமிஷன் கொடுத்து வந்தேன். அவன் வேறொருவரின் சிறுகதையைப் பெயரில்லாமல் போட்டோகொப்பி எடுத்து, பின்பக்கத்தில் என் விலைப்பட்டியலை அச்சிட்டு ஊரெங்கும் கொடுத்திருக்கிறான். கதை பிடித்தவர்கள் புத்தகம் வாங்கினார்கள். கதையை எழுதியவர் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார்.

"நான் களவெடுக்கச் சொல்லல்லதானே நாநா?" என்றேன்.

"சொல்லல்ல தம்பி. அவனுக்குச் சல்லி குடுத்தது யாரு?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சட்டத்திடம் இருக்கிறது; அதுவும் இரண்டு விதமாக.

அமெரிக்காவின் பிரெஸ்னோ நகரச் சந்தையொன்றில் வாடகைக்குக் கடை போட்டவர்கள் போலி இசைப் பதிவுகளை விற்றார்கள். 1991இல் பொலிஸார் 38,000க்கும் அதிகமான பதிவுகளைக் கைப்பற்றினர். அதன் பின்னும் விற்பனை நிற்கவில்லை. 'நான் இடம் கொடுத்தவன் மட்டுமே' என்ற சந்தைக்காரரின் வாதத்தை 1996இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. கடைகளைக் கண்காணிக்கவும் அகற்றவும் அவருக்கு அதிகாரம் இருந்தது, வாடகையும் நுழைவுக் கட்டணமும் வந்தன. ஆகவே வழக்கு நிற்கும் என்றது.

அதே 1996இல்தான் அமேசன் நிறுவனம் தன் பங்காளர் திட்டத்தைத் தொடங்கியது. தன் இணையத்தளத்தில் அமேசனுக்கு வழிகாட்டி, வருபவர் பொருள் வாங்கினால் கொமிஷன் பெறலாம். இத்தகைய பங்காளர்கள் தன் புகைப்படங்களை அனுமதியின்றிப் போட்டார்கள் என்று ஒரு பெண்மணி அமேசன் மீது வழக்குத் தொடர்ந்தார். 2014இல் மேன்முறையீட்டிலும் தோற்றார். பங்காளரை விலக்கும் உரிமை அமேசனுக்கு இருந்தாலும், அவர்களின் தளங்கள் அதன் கட்டுப்பாட்டில் இல்லையாம்.

சட்டத்தின் தர்க்கம் எனக்கு விளங்குகிறது. சந்தை ஒரே வளவு. சுற்றி வந்தால் கண்ணில் படும். எண்ணற்ற தளங்களை யார் பார்ப்பது? முறைப்பாடு வரும்வரை கொமிஷன் கொடுத்தவனைக் கள்வனென்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் முறைப்பாடு வந்த மறுநாள்? அடுத்தவன் தளத்தில் கைவைக்க முடியாதுதான். தன் காசுப்பெட்டியை மூட முடியாதா? கட்டுப்பாடு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இந்த இடத்தில் அந்தத் தீர்ப்போடு எனக்கு உடன்பாடில்லை.

நான் அன்றே இளைஞனின் கொமிஷனை நிறுத்தினேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அதற்குள் அந்தக் கதையால் விற்றுப்போன பிரதிகளின் இலாபம் என்னிடம்தான் இருந்தது. அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.