யாருடைய தூக்கம்?

நெடுஞ்சாலையில் லாரி மோதி உயிர்கள் போன செய்தியைப் படிக்கும்போது நம் கண்கள் ஒரு வரியைத் தேடுகின்றன: "டிரைவர் கண்ணயர்ந்துவிட்டதாகத் தெரிகிறது." அந்த வரி கிடைத்ததும் மனம் அமைதி அடைகிறது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான், இனி நமக்கென்ன?

அவன் ஏன் கண்ணயர்ந்தான் என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

நாசிக்கிலிருந்து சென்னைக்கு வெங்காயம் வருகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. நாள் தவறினால் விலை இறங்கிவிடலாம். மழைக்காலமானால் மூட்டை அழுகத் தொடங்கும். ஆகவே கோயம்பேட்டு வியாபாரி புக்கிங் ஆபீசை அவசரப்படுத்துகிறார். புக்கிங் ஆபீஸ் லாரி முதலாளியை அவசரப்படுத்துகிறது. அவரோ வண்டிக் கடனின் மாதத் தவணையை நினைத்துக்கொண்டு டிரைவரை அவசரப்படுத்துகிறார். டிரைவருக்குக் கீழே யார் இருக்கிறார்கள்? அவன் குறைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: தன்னுடைய தூக்கம்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961-ஆம் ஆண்டிலேயே மோட்டார்த் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. நேஷனல் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர்கள் வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. 2018-இல் அது நீக்கப்பட்டது. இருவர் இருந்தால் ஒருவன் தூங்கும்போதும் வண்டி ஓடும். ஒருவனே ஓட்டினால், ஒன்று வண்டி நிற்க வேண்டும். அல்லது தூக்கம் நிற்க வேண்டும். வாடகைக் கணக்கு இவற்றில் எதை நிறுத்தச் சொல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் ஸ்டியரிங்கைப் பிடித்தவன் மீது பழியே இல்லையா? உண்டு. இமை கனப்பதை முதலில் அறிகிறவன் அவன்தான். வண்டியை ஓரங்கட்டும் கையும் அவனுடையதுதான். எதிரே வருகிறவர் உயிருக்கு அவன் பொறுப்பாளி. அந்தப் பொறுப்பையும் அவனிடமிருந்து எடுத்துவிட்டால், அவனை மனிதனாக அல்லாமல் இயந்திரத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணியவர்களாவோம்.

ஆனால் அவன் பழி முழுப் பழி ஆகாது. இந்த நேரத்துக்குள் வந்தே தீரவேண்டும் என்று விதித்தவருக்கும் அதில் பங்குண்டு. அந்த அவசரத்தால் லாபம் அடைந்தவருக்கும் பங்குண்டு. கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைந்ததென்று மகிழ்ந்து பையை நீட்டிய நமக்கும், மிகச் சிறிதாயினும், ஒரு பங்குண்டு.

ஒரு நாள் தாமதித்து வரும் சரக்கை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளக் கற்ற சமுதாயமே, கண்ணயர்ந்தவனைக் குற்றவாளிக் கூண்டில் தனியாக நிறுத்தும் தகுதியைப் பெறும்.